வார இறுதிக்கு ஒரு கலைச் சிற்றூர்: தேர்ந்தெடுக்கும் முறை

ஓவியர்களும் சிற்பிகளும் பழைய புத்தக வணிகர்களும் குடியேறியதால் பெயர் பெற்ற நாட்டுப்புறச் சிற்றூர்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குச் சனி, ஞாயிறு போய்வரலாம் என்று திட்டமிட உட்கார்ந்தால், மூன்று நான்கு பெயர்கள் பட்டியலில் நின்றுகொண்டு, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியாமலே மாலைகள் கழிந்துவிடும். படங்களைப் பார்த்து முடிவெடுக்க முயல்வதால்தான் இந்தத் திணறல். படங்களில் எல்லா ஊரும் அழகாகவே இருக்கும். எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கதவுகள் அடைத்திருக்கும் என்பதைப் படம் சொல்லாது. இரண்டு நாள் பயணத்துக்கு ஊரின் அழகைவிட அதன் நேர அட்டவணைதான் முக்கியம் என்ற முடிவுக்கு நான் வந்து சேர நெடுநாள் ஆனது. புதிதாகத் தொடங்குவோர் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்க, கீழே உள்ள வரிசையிலேயே செய்து பார்க்கலாம்.

1. எதற்காகப் போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

‘கலையூர்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வகை ஊர்கள் அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மார்ஃபா, ஜப்பானின் செட்டோ உள்கடலில் உள்ள நவோஷிமா தீவு ஆகியவை, ஓரிரு பெரிய கலை நிறுவனங்களைச் சுற்றி இயங்குபவை. அந்த நிறுவனத்துக்குள் நுழைய முடியாவிட்டால் பயணத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். வேல்ஸில் உள்ள ஹே-ஆன்-வை, ஸ்காட்லாந்தில் உள்ள விக்டவுன் ஆகியவை புத்தக ஊர்கள். அங்கே ஒரு கடை மூடியிருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம், முன்பதிவு தேவையில்லை, மழை பெய்தாலும் கெடுதல் இல்லை. ஜெர்மனியின் வோர்ப்ஸ்வேட, பிரான்சின் ஜிவெர்னி போன்றவை ஓவியர்கள் ஒருகாலத்தில் வாழ்ந்த இடங்கள். அங்கே அருங்காட்சியகத்துக்குச் சமமாக நிலக்காட்சியும் முக்கியம் என்பதால், எந்தப் பருவத்தில் போகிறோம் என்பதே பாதி முடிவைச் செய்துவிடும். ஒடிசாவின் ரகுராஜ்பூர் போன்றவை கைவினைஞர்கள் இன்றும் வீட்டுத் திண்ணையிலேயே வேலை செய்யும் ஊர்கள். அங்கே நீங்கள் பார்வையாளராக மட்டுமன்றி ஒரு வீட்டுக்கு விருந்தினராகவும் போகிறீர்கள்.

ஆகவே முதலில் ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்த ஒரு படைப்பைப் பார்க்க வேண்டும்’, ‘நோக்கமின்றிக் கடை கடையாக அலைய வேண்டும்’, ‘செய்பவர்களுடன் பேச வேண்டும்’. உடன் வருபவரும் தனியாக ஒரு வரி எழுதட்டும். இரண்டு வரிகளும் பொருந்தவில்லை என்றால், அந்த வேறுபாட்டை இப்போதே பேசித் தீர்ப்பது நல்லது. பெரும்பாலும் பட்டியலில் பாதி ஊர்கள் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

2. உண்மையில் கையில் உள்ள மணிநேரத்தைக் கணக்கிடுங்கள்

வார இறுதி என்பது நாற்பத்தெட்டு மணி நேரம் அன்று. தூக்கம், உணவு, அறை ஒப்படைப்பு, திரும்பும் பயணம் எல்லாவற்றையும் கழித்தால், ஊரைப் பார்க்கக் கிடைப்பது பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம்தான். வீட்டு வாசலிலிருந்து தங்குமிட வாசல் வரை ஒருவழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரை இரண்டு நாள் பட்டியலில் வைக்கக் கூடாது என்பது என் அளவுகோல். அதற்கு மேல் போனால் மூன்றாவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அந்த ஊரை வேறொரு காலத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

தொலைவைக் கிலோமீட்டரில் பார்க்காமல் மாறுமிடங்களின் எண்ணிக்கையில் பாருங்கள். நவோஷிமாவுக்கு ஊனோ துறைமுகத்திலிருந்து கப்பலில் 20 நிமிடம்தான். ஆனால் ஒகயாமாவிலிருந்து ஊனோ வரை தொடர்வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதன்பின் கப்பலுக்கான காத்திருப்பு, தீவில் இறங்கியபின் பேருந்து அல்லது மிதிவண்டி என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். ஹே-ஆன்-வையிலோ விக்டவுனிலோ தொடர்வண்டி நிலையமே இல்லை. ஹேவுக்கு அருகிலுள்ள நிலையமான ஹெரிஃபோர்டிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டும்.

மார்ஃபாவை நினைத்திருப்போருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. எல் பாசோ, மிட்லாண்ட் ஆகிய இரண்டு விமான நிலையங்களில் எதில் இறங்கினாலும் சுமார் மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். எல் பாசோ மலை நேர மண்டலத்தில் இருக்கிறது. மார்ஃபாவோ மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது. எல் பாசோவிலிருந்து புறப்படுபவர் வழியிலேயே ஒரு மணி நேரத்தை இழக்கிறார். அங்குள்ள கலை நிறுவனத்தின் வழிகாட்டியுடன் கூடிய பிற்பகல் சுற்றுக்குப் பதிவு செய்துவிட்டு இந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது உங்கள் குழு உள்ளே போயிருக்கும். பலர் பார்க்க விரும்பும் ‘பிராடா மார்ஃபா’ என்ற சாலையோரச் சிற்பமும் மார்ஃபாவுக்குள் இல்லை. வேலன்டைன் என்ற சிற்றூரை ஒட்டி, மார்ஃபாவிலிருந்து அரை மணி நேரத்துக்கும் கூடுதலான ஓட்டத்தில் இருக்கிறது. கடை போலத் தோன்றினாலும் அதன் கதவு திறக்காது. எல் பாசோவிலிருந்து வருபவர்கள் அதை வழியிலேயே பார்த்துவிடலாம். அதற்கென்று தனிப் பயணம் தேவையில்லை.

3. நான்கு கட்டங்கள் வரைந்து, திறந்திருக்கும் நேரங்களை நிரப்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்குமானால், இதைச் செய்யுங்கள். பட்டியலில் மிஞ்சிய ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள்: சனி முற்பகல், சனி பிற்பகல், ஞாயிறு முற்பகல், ஞாயிறு பிற்பகல். நீங்கள் பார்க்க விரும்பும் இடங்கள் எந்தக் கட்டத்தில் திறந்திருக்கின்றன என்பதை, அந்தந்த நிறுவனத்தின் சொந்த அறிவிப்பைப் பார்த்து எழுதுங்கள். இணைய வரைபடங்கள் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். ஓரிருவரே நடத்தும் கூடங்கள் தம் நேரத்தை மாற்றும்போது வரைபடத்தைத் திருத்துவதில்லை. இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருக்கும் ஊரை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சரி.

கட்டங்களை நிரப்பும்போது நான்கு பொறிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வார விடுமுறை. நவோஷிமாவின் சிச்சு அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை; ஆனால் திங்கள் அரசு விடுமுறையாக அமைந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். அருகிலுள்ள தெஷிமா தீவின் கலை அருங்காட்சியகத்துக்கோ வார விடுமுறை செவ்வாய். எனவே வார இறுதியோடு ஒரு நாளைச் சேர்ப்பவர்கள் எந்தத் தீவில் எந்த நாள் என்பதை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். மார்ஃபாவில் வாரத் தொடக்க நாள்களில் கூடங்களும் உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும்; அங்கே நாளைக் கூட்ட வேண்டுமானால் வெள்ளியைக் கூட்டுங்கள், திங்களைக் கூட்ட வேண்டாம். மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் வார விடுமுறை புதன்கிழமை என்பதால், சனி, ஞாயிறு வருபவர்களுக்கு அது இடையூறாக இருக்காது.

இரண்டாவது, பருவம். ஜிவெர்னியில் ஓவியர் மோனேயின் வீடும் தோட்டமும் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறந்திருக்கும். நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரை ஒட்டிய தொல்குடிக் குடியிருப்பு, சடங்குகளுக்காகவும் குளிர்கால இறுதியில் பல வாரங்களும் வெளியாருக்கு மூடப்படும். அது மக்கள் வாழும் இடம், காட்சிப்பொருள் அன்று. பருவம் சில சமயம் உதவியாகவும் அமைவதுண்டு. பிரெமனிலிருந்து வோர்ப்ஸ்வேட வழியாகச் செல்லும் பழைய சதுப்புநிலத் தொடர்வண்டி, கோடைப் பருவத்தில் வார இறுதி நாள்களில்தான் ஓடுகிறது.

மூன்றாவது, காட்சி மாற்றம். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே சிறு கூடங்கள் வாரக் கணக்கில் மூடிக்கிடப்பதுண்டு. ‘ஜூன் மாதம் முழுவதும் கண்காட்சி’ என்ற அறிவிப்பைக் கண்டால் அது முடியும் தேதியையும் அடுத்தது தொடங்கும் தேதியையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது, ‘முன் அனுமதியுடன் மட்டும்’ என்ற சொற்கள். ஓவியர்களின் சொந்தப் பட்டறைகளுக்கு இது பொதுவான வழக்கம். அழைத்துக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வரச் சொல்வார்கள். கேட்காமல் வாசலில் போய் நின்றால்தான் ஏமாற்றம்.

4. விழாக் காலத்தைத் தேடுவதா, தவிர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்

ஹே-ஆன்-வையின் இலக்கிய விழா 1988 முதல் மே இறுதியை ஒட்டி நடக்கிறது. விக்டவுனின் புத்தக விழா செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் நடக்கிறது. செட்டோ உள்கடல் தீவுகளின் கலைவிழா 2010 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது; 2013 முதல் அதை இளவேனில், கோடை, இலையுதிர் எனப் பிரித்து நடத்துகிறார்கள். இந்த நாள்களில் ஊர் முழுவதும் திறந்திருக்கும். அதே நாள்களில் அறையும் கிடைக்காது. இரண்டாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊரில் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கினால், உணவுக்கும் வரிசை, வாகனம் நிறுத்தவும் வரிசைதான். முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை, விழாவுக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்போ பின்போ போவது. நிகழ்ச்சியில் பேசும் ஒருவரைக் கேட்பதே உங்கள் ‘ஒரு வரி’ என்றால் மட்டும் விழாவுக்குப் போங்கள். அப்படிப் போனால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

5. பதிவுகளை இந்த வரிசையில் செய்யுங்கள்

பெரும்பாலோர் முதலில் அறையையும், பிறகு பயணச்சீட்டையும், கடைசியாகக் கலைக்கூட நுழைவையும் பதிவு செய்கிறார்கள். சிற்றூர்களில் இந்த வரிசையை மாற்ற வேண்டும். சிச்சுவுக்கு நேரம் குறித்த இணையச் சீட்டு வேண்டும். மார்ஃபாவின் சினாட்டி அறக்கட்டளை பீரங்கிப் படையின் பழைய கொட்டகைகளில் கலைஞர் டொனால்ட் ஜட் அமைத்த 100 அலுமினியப் பெட்டிகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதன் சுற்றுகளுக்கு இடங்கள் குறைவு, முழுச் சுற்றுக்கோ பல மணி நேரம் ஆகும். நியூ மெக்சிகோவின் அபிக்யூவில் ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபின் வீட்டை முன்பதிவு செய்த குழுக்களுக்கு மட்டுமே காட்டுகிறார்கள். இவற்றில் இடம் இல்லையென்றால், திரும்பப் பெற முடியாத அறை வாடகை மட்டுமே உங்கள் கையில் மிஞ்சும்.

ஆகவே முதலில் நுழைவுச்சீட்டு, அடுத்து ரத்து செய்யக்கூடிய அறை, அதன்பின் போக்குவரத்து, கடைசியாகச் சனிக்கிழமை இரவு உணவுக்கான மேசை. கடைசியில் சொன்னதை அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். சிற்றூர்களில் இரவு எட்டு மணிக்கு மேல் அடுப்பு எரியும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

முக்கியமான படைப்பைச் சனிக்கிழமையே பார்த்துவிடும்படி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறுக்கு வைத்தால், ஒரு கப்பல் தவறினாலும் அதை ஈடுசெய்ய அடுத்த நாள் இருக்காது.

6. செலவை முழுத் தொகையாகக் கூட்டி ஒப்பிடுங்கள்

ஓரிரவு வாடகையை மட்டும் வைத்து ஊர்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். சிற்றூர் வீட்டு விடுதிகள் பலவற்றில் வார இறுதிக்குக் குறைந்தது இரண்டு இரவுகள் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். துப்புரவுக் கட்டணம், உள்ளூர் வரி, திரும்பத் தரும் வைப்புத்தொகை ஆகியவை கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும். துப்புரவுக் கட்டணம் ஓர் இரவுக்கும் ஏழு இரவுக்கும் ஒரே தொகையாக இருப்பதால், குறுகிய பயணம் செய்பவரை அது மிகுதியாகப் பாதிக்கும்.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரே தாளில் இவற்றைக் கூட்டுங்கள்: அறையின் முழுத் தொகை, வாசலிலிருந்து வாசல் வரையான போக்குவரத்து, கார் எடுத்தால் எரிபொருளும் காப்பீடும் நிறுத்தக் கட்டணமும், அனைவருக்குமான நுழைவுக் கட்டணம், உணவு. வந்த தொகையை இரண்டாம் படியில் கண்ட பயன்படும் மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தோன்றிய தொலைவூர் பல சமயம் இந்தக் கணக்கில் விலை கூடியதாகிவிடுகிறது.

செலவைக் குறைக்க நம்பகமான வழி, பக்கத்துப் பேரூரில் தங்குவது. மார்ஃபாவில் அறை கிடைக்காதபோது 42 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆல்பைனில் தங்கலாம். நவோஷிமாவுக்குப் பதிலாக ஊனோவிலோ, கடலின் எதிர்க்கரையிலுள்ள தகமாட்சு நகரிலோ தங்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. பகல் கூட்டம் கலைந்தபின் ஊர் அடங்கும் மாலை நேரத்தை நீங்கள் இழப்பீர்கள். என் கணிப்பில் கலைச் சிற்றூர்களின் சிறந்த நேரமே அதுதான். எனவே ஒரு வரியில் ‘அலைவது’ என்று எழுதியவர்கள் ஊருக்குள்ளேயே தங்கட்டும். ‘ஒரு படைப்பு’ என்று எழுதியவர்கள் வெளியே தங்கிச் சேமிக்கட்டும்.

7. திரும்பும் வழியை முதலில் படியுங்கள்

போகும் வண்டியின் நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கடைசி வண்டியின் நேரம்தான் தெரியாமல் போகும். நவோஷிமாவிலிருந்து தகமாட்சுவுக்குச் செல்லும் கடைசிக் கப்பல் மாலையிலேயே புறப்பட்டுவிடும். ஊனோவுக்கு அதைவிடப் பிந்தியும் கப்பல் உண்டு. ஆகவே தங்குமிடம் எந்தக் கரையில் என்பது உங்கள் மாலைப் பொழுதின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. நவோஷிமாவுக்கும் தெஷிமாவுக்கும் இடையே ஓடும் படகு சிறியது. இடம் நிறைந்தால் ஏற்ற மாட்டார்கள், எல்லா நாளும் ஒரே அட்டவணையும் இருக்காது. நாட்டுப்புறப் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமை குறைவாக ஓடும், சில தடங்களில் ஓடவே ஓடாது.

கார் எடுப்பவர்கள், கார் நிலையம் ஞாயிறு மாலை திறந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் திங்கட்கிழமைக்கும் சேர்த்து வாடகை கட்ட நேரும். ஆளரவமற்ற சாலைகளில் கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். எரிபொருள் அளவைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

8. எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்கள்

உள்நாட்டுப் பயணத்துக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டையும் பதிவுச் சீட்டுகளின் அச்சுப்படியும் போதும். மாணவர், முதியோர் சலுகை பெற நினைப்பவர்கள் அதற்கான மூல அட்டையைக் கொண்டுபோக வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில நுணுக்கங்கள் உண்டு. ஜப்பானில் குறுகிய காலம் தங்கும் வெளிநாட்டவர் எப்போதும் கடவுச்சீட்டைத் தம்முடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மிதிவண்டியில் தீவைச் சுற்றப் போகும்போதும் அதை அறையில் விட்டுவிடாதீர்கள். அங்கே கார் ஓட்ட, பொதுவாக 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதை ஏற்பதில்லை. இதை உங்கள் உரிமம் வழங்கப்பட்ட நாட்டிலேயே, புறப்படும் முன் வாங்க வேண்டும். மூல உரிமத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். எல் பாசோவிலிருந்து மார்ஃபாவுக்கு வரும் நெடுஞ்சாலையில், சியர்ரா பிளாங்கா அருகே எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. நாட்டு எல்லையைத் தாண்டாவிட்டாலும் அங்கே நிறுத்திக் குடியுரிமையைக் கேட்பார்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் மூல ஆவணங்களைக் கையெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

படம் எடுக்கும் விதிகளையும் ஆவணங்களோடு சேர்த்தே படித்துவிடுங்கள். சிச்சுவின் காட்சிக்கூடங்களில் படம் எடுக்க அனுமதி இல்லை. கைவினைஞர் வீட்டில் எதையும் எடுக்கும் முன் கேளுங்கள். எதையேனும் வாங்கினால் செய்தவர் பெயரும் பொருளும் விலையும் குறித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சுங்கத்திலும் பொதியை அனுப்பும் நிலையத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

9. சமநிலையில் நிற்கும் இரண்டு ஊர்களில் ஒன்றை எடுப்பது

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு ஊர்கள் மிஞ்சினால், மழை பெய்தால் எது தாங்கும் என்று கேளுங்கள். புத்தக ஊர் தாங்கும். தோட்டமும் திறந்தவெளிச் சிற்பமும் தாங்கா. அடுத்து, உங்கள் முக்கிய இடம் மூடியிருந்தாலும் அரை நாள் செலவிட அங்கே வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்று வரும் ஊரை எடுத்துக்கொண்டு, மற்றதை அதன் நல்ல பருவத்தின் பெயரோடு குறித்து வையுங்கள்.

10. கால அட்டவணை

இரண்டு மாதத்துக்கு முன் நான்கு கட்டத் தாளை முடித்து, நுழைவுச்சீட்டு எந்த நாளில் வெளியாகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியானதும் வாங்கி, அன்றே அறையையும் பிடியுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி தேவையென்றால் அதற்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒரு மாதத்துக்கு முன் கார் அல்லது தொடர்வண்டிச் சீட்டு. இரண்டு வாரத்துக்கு முன் பட்டறைகளுக்கு அழைப்பும் உணவு மேசையும். அறையைக் கட்டணமின்றி ரத்து செய்யும் கடைசி நாளை நாள்காட்டியில் எழுதி, அதற்கு முந்தைய நாள் எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

வியாழக்கிழமை கடைசியாக மூன்று தொலைபேசி அழைப்புகள்: முக்கியக் கூடத்துக்கு, ‘இந்தச் சனிக்கிழமை வழக்கமான நேரம்தானா’ என்று, தங்குமிடத்துக்கு, தாமதமாக வந்தால் சாவி எப்படிக் கிடைக்கும் என்று, கப்பல் அல்லது பேருந்து நிறுவனத்துக்கு, ஞாயிற்றுக்கிழமையின் கடைசிப் புறப்பாடு எத்தனை மணிக்கு என்று. சனிக்கிழமை அழைத்தால் எடுப்பதற்கு ஆள் இருப்பது அரிது.